கார்டு சூசைமாணிக்கத்தின் பிரிக்காத மூட்டைகள்

சூரமங்கலத்தில் எனக்கு ஒரு லைன் வீடு இருந்தது. ஒரே ஓட்டுக்கூரைக்குக் கீழே வரிசையாக ஐந்து வீடுகள். ஒவ்வொன்றிலும் முன்னால் ஒரு அறை, பின்னால் சமையலுக்கு ஒரு அறை, அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் ராசிபுரத்தில் தறி போட்டுச் சம்பாதித்துக் கட்டியவை. கட்டி முடித்த மூன்றாம் வருஷம் அவர் போய்விட்டார். கடைசி வீட்டில் நான் இருந்துகொண்டு மற்ற நான்கையும் ரயில்வேக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டுக் காலத்தைத் தள்ளினேன். அந்த நான்கில் மூன்று வீடுகளில் மனிதர்களே இல்லாமல் வெறும் மூட்டைகள் வருஷக்கணக்கில் குடியிருந்தன என்று சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. வாடகை வாங்கிய எனக்கே பல நாள் நம்ப முடியவில்லை.

மூட்டைகளின் சொந்தக்காரர் சூசைமாணிக்கம். ரயிலில் முப்பத்தொரு வருஷம் கார்டு வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். 1934-ஆம் வருஷம் தை மாதம் அன்னாளம்மாவையும் ஒரே மகள் இசபெல்லாவையும் கூட்டிக்கொண்டு முதல் வீட்டுக்குக் குடிவந்தார். வெள்ளைக் கோட்டை ரிட்டையர் ஆன பிறகும் கழற்றவில்லை. பையில் கடிகாரம், கழுத்தில் ஊதல். காலையில் எட்டே முக்காலுக்குத் தெருவில் இறங்கினார் என்றால் எட்டே முக்கால்தான்; நான் என் வீட்டுக் கடிகாரத்தை அவரைப் பார்த்துத்தான் திருப்பிவைப்பேன். கை சுத்தமான மனிதர். அதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் மேலே சொல்லப்போவதெல்லாம் அவர் மேல் எனக்கு இருந்த கோபம்.

ரயிலில் வந்த பார்சலை யாரும் வந்து எடுக்காவிட்டால் சில மாதம் வைத்திருந்து ஏலம் விடுவார்கள். பிரித்துக் காட்டமாட்டார்கள். சாக்கின் மேல் தாரால் ஒரு நம்பர் எழுதி வரிசையாக வைத்திருப்பார்கள். வெளியே பார்த்துத்தான் கேட்க வேண்டும். வேலையில் இருக்கிறவர்கள் ஏலம் கேட்கக்கூடாது என்று சட்டம். சூசைமாணிக்கம் முப்பத்தொரு வருஷம் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, ரயிலின் கடைசிப் பெட்டியில் ஊர் ஊராகப் பார்சல்களுக்கு நடுவே உட்கார்ந்து வந்தவர். ரிட்டையர் ஆன பிறகு நடந்த முதல் ஏலத்திலேயே போய் நின்றுவிட்டார்.

ஒரு மாட்டுவண்டி நிறைய வந்து இறங்கியது. கல்யாணம் ஏதாவது வைத்திருக்கிறார்களா என்று நினைத்தேன். அடுத்த ஏலத்துக்கு இரண்டு வண்டி. இரண்டாம் வீடு காலியானதும் அதை எனக்கே கொடுங்கள் என்றார். அதற்கு அடுத்த வருஷம் மூன்றாம் வீடு. பிறகு நான்காம் வீடு.

முதல் தடவை இரண்டாம் வீட்டை எட்டிப் பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது. மழையில் ஓடு ஒழுகுகிறதா என்று பார்க்கப் போனேன். கதவைத் திறந்தால் கால் வைக்க இடமில்லை. தரையில் இருந்து உத்தரம் வரை சாக்கு மூட்டை, பிரம்புக் கூடை, ஆணியடித்த பெட்டி, பனையோலைக் கட்டு. ஒன்றாவது பிரிக்கப்படவில்லை. போட்ட சணல் முடிச்சு போட்டபடியே இருந்தது. புளியும் புகையிலையும் எலிப்புழுக்கையும் கலந்து ஒரு நாற்றம் மூக்கில் ஏறியது. என் வீட்டுக்காரர் கட்டிய சுவர் எங்கே என்றே தெரியவில்லை. நெஞ்சு பதறிப்போய் அவரைக் கூப்பிட்டேன்.

"ஏனுங்க கார்டய்யா, இதுக்குள்ள எல்லாம் என்னங்க இருக்குது?"

"தெரியாதுங்க அம்மணி."

"தெரியாமயா காசு குடுத்து வாங்குனீங்க?"

"ஆமாங்க."

"பிரிச்சுப் பாக்கலாமில்லீங்க?"

அவர் என்னை ஒரு பச்சைக்குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "பிரிச்சுப்போட்டா அது வெறும் சாமானுங்க அம்மணி. பிரிக்காத வரைக்குந்தான் பார்சல்" என்றார். சொல்லிவிட்டு ஒரு மூட்டையைக் கைக்குட்டையால் தட்டித் துடைத்தார்.

சிரிப்பதா திட்டுவதா என்று தெரியாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். வாடகை முதல் தேதி காலையில் வந்துவிடும். மூட்டைகள் சண்டை போடுவதில்லை, கிணற்றடியில் தண்ணீரைக் கொட்டுவதில்லை. வீட்டுக்காரிக்கு இதைவிட நல்ல குடித்தனம் கிடைக்காது என்று அக்கம்பக்கத்தில் என்னைக் கேலி செய்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன் என்பதை ஒளிப்பானேன்?

சிரிக்காத ஒரே ஆள் அன்னாளம்மா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் இருந்த முதல் வீட்டிலும் மூட்டைகள் மூன்று சுவரையும் பிடித்துக்கொண்டன. மாதா படத்தை மூட்டைக்கு மேல் மூட்டைக்கு மேல் என்று ஏற்றி ஏற்றி, கடைசியில் அது கூரைக்குப் பக்கத்தில் போய்விட்டது. விளக்கு வைக்க ஸ்டூல் மேல் ஏற வேண்டும். மகள் தையல் மெஷினைச் சமையல் அறையில் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த இசபெல்லாதான் 1936-இல் போனாள். ராயப்பன் என்று ஒரு பையன், அவனும் சேலத்துக் கத்தோலிக்கக் குடும்பம், கோலார் தங்கவயலில் வேலை. கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தவன் பெண் கேட்டான். ரயில்வே மாப்பிள்ளை தவிர வேறு யாரும் வேண்டாம் என்று கார்டு விரட்டிவிட்டார். மூன்று மாதம் கழித்து இசபெல்லா தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறிவிட்டாள். அங்கே கோயிலில், பாதர் முன்னால், முறையாகத்தான் கல்யாணம் நடந்தது. தன்னைக் கேட்காமல் நடந்தது என்பதுதான் இவர் கண்ட குற்றம்.

"எனக்கு மக இல்லைங்க அம்மணி" என்று என்னிடம் சொன்னார். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. மறுநாள் ஏலத்துக்குப் போனார்.

மகள் போன பிறகு அன்னாளம்மா அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று. முன் அறையில் கிழக்கு மூலையில் ஒரு பாய் விரிக்கிற அளவு இடம் காலியாக இருக்க வேண்டும்.

"எதுக்கு?" என்றார் அவர்.

"இருக்கட்டுமேங்க."

எதற்கு என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இசபெல்லா எப்போதாவது வந்து நின்றால் படுக்க இடம் வேண்டும். அந்த மூலையைத் தினமும் பெருக்கி, சனிக்கிழமைதோறும் சாணி போட்டு மெழுகுவார். அங்கே ஒரு செம்பைக்கூட வைக்க விடமாட்டார். "சாரதா, அவ கால நீட்டிப் படுக்கறவ. ஆறடி வேணும்" என்று ஒருநாள் என் முன்னால் தன் காலால் அளந்து காட்டினார். அடுத்த வருஷம் பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்று கோயிலில் யாரோ சொல்லக் கேட்டு வந்து, இன்னும் ஒரு முழம் சேர்த்து அளந்தார்.

இசபெல்லா கடிதம் போடாமல் இல்லை. போட்டாள். தபால்காரர் சின்னராஜ் கொண்டுவருவார். கார்டய்யா வாசலிலேயே நின்று உறையைத் திருப்பிப் பார்ப்பார்; மாரிக்குப்பம் முத்திரை இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார். மாரிக்குப்பம்தான் தங்கவயலுக்கு ரயில் நிற்கிற ஊர். சின்னராஜ் உறையின் மேல் 'வாங்க மறுத்தார்' என்று பென்சிலால் எழுதி எடுத்துப்போவார். இரண்டு மூன்று தடவைக்குப் பிறகு கடிதம் நின்றுவிட்டது.

1938-இல் சித்திரை வெயிலில் ஒருநாள் மறுபடி வந்தது. அன்று நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். சுண்ணாம்பு அடிக்கிற விஷயமாகப் பேசப் போயிருந்தேன்.

"கார்டய்யா, இது ரிஜிஸ்டர் தபாலுங்க. மாரிக்குப்பம். கையெழுத்துப் போட்டு வாங்கோணும்" என்றார் சின்னராஜ்.

"திருப்பியனுப்பு."

"கனமா இருக்குதுங்க. உள்ள ஏதோ ரசீது மாதிரி தட்டுப்படுது. ஒருக்கா பாத்துப்போட்டு..."

"வண்டி கிளம்பியாச்சுன்னா கிளம்பினதுதான். எழுதிக்கிட்டுப் போ."

அன்னாளம்மா அரிசி களைந்த கையோடு உள்ளே இருந்து வந்தார். தண்ணீர் முழங்கை வழியாகச் சொட்டியது. "ஏனுங்க, ஒரு தடவை. இந்த ஒரு தடவை வாங்கிருங்க" என்றார். நான் அவர் குரல் உயர்ந்து கேட்டது அதுதான் முதல் தடவை. கார்டு பையில் இருந்து கடிகாரத்தை எடுத்து மணி பார்த்தார். சின்னராஜ் என் முகத்தைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். வீட்டுக்காரி, நாலு வீட்டு வாடகை வாங்குகிறவள், என் வாய்க்குப் பயந்து தெருவே அடங்கும். அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சின்னராஜ் பென்சிலை எடுத்து எழுதினார்.

அந்த வருஷம் மார்கழியில் பெரிய ஏலம் ஒன்று நடந்தது. மூன்று வண்டி வந்தது. நான்கு வீட்டிலும் இடமில்லை. கூலியாட்கள் கடைசி மூட்டையைத் தெருவில் வைத்துக்கொண்டு முழித்தார்கள். பெரிய மூட்டை, மேலே புதுச்சாக்கு, தாரில் பதினேழு என்று எழுதியிருந்தது. கார்டு ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு தானே ஒரு முனையைப் பிடித்துத் தூக்கி, முன் அறைக்குள் கொண்டுபோய், மெழுகி வைத்திருந்த கிழக்கு மூலையில் இறக்கினார்.

அன்னாளம்மா அழுவார், கத்துவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவரோ அந்த மூட்டைக்கும் வாசற்படிக்கும் நடுவே மிச்சம் இருந்த இடத்தில் தன் பாயை விரித்துக்கொண்டார். அன்று முதல் படுக்கை அங்கேதான். சாயந்திரம் ஜெபமாலை சொல்லும்போது அதன்மேல்தான் முதுகைச் சாய்த்துக்கொள்வார். ஐந்து வருஷம். சாக்கில் அவர் முதுகு பட்ட இடம் எண்ணெய் ஏறிக் கறுத்துப்போயிருந்தது.

யுத்தம் வந்தது. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணத்தைக் காலி செய்துகொண்டு வந்தவர்களில் என் தங்கையும் ஒருத்தி. புருஷன், இரண்டு குழந்தைகள், வயிற்றில் ஒன்று. சேலம் முழுவதும் அலைந்தும் ஒரு வீடு கிடைக்கவில்லை. என் ஒற்றை அறையில் ஆறு பேர் படுத்தோம், பிறந்த குழந்தையையும் சேர்த்து. சுவருக்கு அந்தப் பக்கம் மூன்று வீடு நிறைய மூட்டைகள் சௌகரியமாகப் படுத்திருந்தன.

கார்டிடம் கேட்டேன். கெஞ்சியே கேட்டேன். "ஒரே ஒரு ஊடு குடுங்க கார்டய்யா. பச்சப் புள்ளைய வெச்சுக்கிட்டு இருக்கறாங்க."

"வாடகை பாக்கி இருக்குதுங்களா அம்மணி?"

"இல்லீங்க."

"அப்புறம் என்னங்க?" என்றார்.

உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. 1943-இல் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்து, பதுக்கி வைத்திருப்பவர்களைப் பிடிக்க அதிகாரிகள் வீடு வீடாகப் புகுந்துகொண்டிருந்தார்கள். சூரமங்கலத்தில் இன்னார் மூன்று வீடு நிறைய மூட்டை வைத்திருக்கிறார் என்று ஒரு மொட்டைக் கடிதம் போனது. போட்டது நான்தான். இடது கையால் எழுதினேன். யாருக்கும் இதுவரை சொன்னதில்லை.

பத்தாம் நாள் காலையில் ரெவின்யூ இன்ஸ்பெக்டரும் நான்கு ஆட்களும் வந்து இறங்கினார்கள். கார்டு வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து விறைப்பாக நின்றார். அரிசி ஒரு மணிகூட இல்லை என்றார். அப்படியானால் என்ன இருக்கிறது என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். தெரியாது என்றார் கார்டு. அதிகாரியிடம் சொல்லக்கூடிய பதிலா அது? எல்லாவற்றையும் பிரிக்கச் சொல்லிவிட்டார்.

முதல் சணலை அரிவாளால் வெட்டியபோது கார்டு "வேண்டாமுங்க!" என்று கத்தினார். பல் பிடுங்கினால்கூட அப்படி ஒரு சத்தம் வராது. பிறகு ஒவ்வொன்றாகத் தெருவில் கொட்டினார்கள். ஒரு பெட்டி நிறைய வலதுகால் செருப்பு. இடதுகாலுக்கு ஒன்றுகூட இல்லை. மருந்துப் பாட்டில்கள், எல்லாம் வற்றிப் பிசினாக ஒட்டியிருந்தன. குடைக்கம்பிகள். யாரோ ஒரு பெண்ணின் கல்யாணக் கூறைப்புடவை, மடிப்பு மடிப்பாக இற்று, தூக்கியதும் பொடியாக உதிர்ந்தது. புழு அரித்த பள்ளிக்கூடப் புத்தகங்கள். ஒரு கூடைக்குள் கரையான் புற்றைத் தவிர எதுவுமே இல்லை. சணல் மட்டும் கட்டியபடி இருந்தது. ஒன்பது வருஷம் பென்ஷன் காசைக் கொட்டி வாங்கி, வாடகை கொடுத்துக் காவல் காத்தது இதைத்தான். தெரு முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

மூன்று வீடும் முடிந்து முதல் வீட்டுக்கு வந்தார்கள். அன்னாளம்மா வழக்கமான இடத்தில் பதினேழாம் நம்பர் மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"எந்திரிங்கம்மா, அதையும் பாக்கணும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இது நான் முதுகு சாய்ச்சுக்கறதுங்க சாமி" என்று சொல்லிக்கொண்டே எழுந்து நின்றார்.

ஒரு ஆள் சாக்கைக் கிழித்தான். வெளியே இருந்த சாக்கு ஸ்டேஷனில் போட்டது போலிருக்கிறது, அதற்கு உள்ளே வெள்ளைக் காடாத் துணியில் தைத்த இன்னொரு உறை இருந்தது. அதில் மேல்விலாசத்தை மையால் எழுதாமல் சிவப்பு நூலால் தைத்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் குனிந்து வாய்விட்டுப் படித்தார்.

"டி. சூசைமாணிக்கம், ரிட்டையர்டு கார்டு, சூரமங்கலம்... என்னய்யா இது? உம்ம பேரே போட்டிருக்குது!"

தெருவில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. அன்னாளம்மா கீழே உட்கார்ந்து அந்தச் சிவப்பு நூலை விரலால் தடவினார். "இது எம்புள்ள தையலு" என்றார். சத்தமே இல்லாமல்தான் சொன்னார், ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

உறையை அவரே பல்லால் கடித்துப் பிரித்தார். உள்ளே அந்தத் தையல் மெஷின். இரண்டு பித்தளைப் பாத்திரம், ஒரு கம்பளி, தூளி கட்டும் பழைய சேலை, உள்ளங்கை அகலத்தில் நான்கைந்து குழந்தைச் சட்டைகள். சட்டைகளுக்கு நடுவே ஒரு கடிதம். அன்னாளம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது. "நீ படி சாரதா" என்று என்னிடம் நீட்டினார். நான் ஏன் அதைத் தெருவில் நின்று உரக்கப் படித்தேன் என்று இன்றுவரை என்னை நானே கேட்டுக்கொள்கிறேன்.

"அம்மா, இவர் போய்விட்டார். பதினோரு நாள் காய்ச்சல். கையில் எட்டு மாதக் குழந்தை. உன் பெயர்தான் வைத்திருக்கிறேன். இங்கே எனக்கு யாரும் இல்லை. அதனால் சாமான்களை முன்னால் அனுப்பியிருக்கிறேன். பார்சல் ரசீதை அப்பாவுக்கு ரிஜிஸ்டர் தபாலில் போட்டிருக்கிறேன். இதை நீ படிக்கிறாய் என்றால் அப்பா ரசீதை வாங்கிப் பார்சலையும் எடுத்துவிட்டார் என்று அர்த்தம். ஒரு வரி எழுது, அடுத்த வண்டியில் குழந்தையோடு வந்துவிடுகிறேன். ரசீது திரும்பி வந்தால் அங்கே எனக்கு இடமில்லை என்று தெரிந்துகொள்வேன். பிறகு தொந்தரவு செய்யமாட்டேன்."

கீழே தேதி இருந்தது. 1938, ஏப்ரல்.

ரெவின்யூ இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். எட்டு மாதக் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் ரயிலில் ஒரு பகல் தூரத்தில் உட்கார்ந்து பதிலுக்குக் காத்திருந்தாள். அவள் எழுதிய கடிதத்தையும் அவள் சாமானையும் இவர் காசு கொடுத்து வாங்கி, அவளுக்கென்று ஒதுக்கிவைத்த இடத்திலேயே கொண்டுவந்து வைத்தார். தாய் அதன்மேல் சாய்ந்துகொண்டு மகள் வர வேண்டும் என்று தினமும் ஜெபமாலை சொன்னாள்.

கார்டு என் பக்கம் திரும்பினார். "நான் எடுத்தேனே அம்மணி. அந்தப் பார்சலை நான் எடுத்துட்டேனே" என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். அன்னாளம்மா அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. குழந்தைச் சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே மூன்று வீடும் காலியாயிற்று. பழைய சாமான்காரன், கோயில், தெருவில் போகிறவர்கள் என்று யார் கேட்டாலும் கொடுத்துவிட்டார். முதல் வீட்டையும் ஒழித்து, தானே நின்று சுண்ணாம்பு அடித்தார். அறுபத்தைந்து வயதில் ஏணி மேல் ஏறி நின்ற கோலத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு வீட்டைத் தன் வாயாலேயே என் தங்கைக்குக் கொடுக்கச் சொன்னார். நான் கேட்டது கிடைத்துவிட்டது. வாங்கிக்கொள்ளக் கை கூசியது.

மகளுக்கு, அவள் கடிதத்தில் இருந்த விலாசத்துக்கு, அவரே கடிதம் எழுதினார். நான்கு பக்கம். ரிஜிஸ்டர் செய்து அனுப்பினார். பன்னிரண்டாம் நாள் சின்னராஜ் வந்து வாசலில் நின்றார். சைக்கிளை விட்டு இறங்கியும் கையை நீட்டவில்லை.

"என்னப்பா, குடு" என்றார் கார்டு.

அவர் போட்ட கடிதமேதான். மேலே பென்சிலால் வேறு ஊர்த் தபால்காரரின் கையெழுத்தில் 'வாங்க மறுத்தார்' என்று எழுதியிருந்தது. கார்டு அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சின்னராஜ் அழுதுவிட்டார். அப்படி ஒரு தபால்காரர் அழுது நான் பார்த்ததில்லை.

அன்னாளம்மா உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தார். மூட்டையை அதே காடாத் துணியில் கட்டி, கோணி ஊசியால் தைத்து முன்னாலேயே தயாராக வைத்திருந்திருக்கிறார்.

"நான் போறேனுங்க" என்றார்.

"தனியாவா?"

"அவ தனியாத்தானுங்களே போனா."

இத்தனை வருஷம் கார்டின் மனைவியாக இருந்தும் தனியாக ரயில் ஏறியதே இல்லை அவர். கார்டு மறுத்துப் பேசவில்லை. ஜங்ஷனுக்கு நானும் கூடப் போனேன். மூட்டையைப் போர்ட்டரிடம் கொடுக்காமல் கார்டய்யாவே சுமந்துகொண்டு போய்க் கடைசிப் பெட்டியில் ஏற்றி, அந்த வண்டியின் கார்டுடைய கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். பிறகு பெண்கள் பெட்டி ஜன்னலுக்கு வந்தார்.

"எப்ப வருவே அன்னா?"

"அவ கதவத் தொறக்கட்டுமுங்க மொதல்ல."

ஊதல் ஊதியது. பழக்க தோஷத்தில் இவர் கையும் கழுத்துக்குப் போனது.

மூன்று வாரம் கழித்து ஒரு தபால் கார்டு வந்தது. சொல் அன்னாளம்மாவுடையது. கையெழுத்து இசபெல்லாவுடையது. அதைக் கண்டதும் கார்டய்யா தானே படிக்காமல் என்னிடம் கொடுத்தார். நான்கு வரிதான். "வந்து சேர்ந்தேன். பிள்ளைக்கு ஆறு வயசு ஆகிறது. என் சாடை. இசபெல்லா தையல் வேலை செய்கிறாள், மெஷின் வந்தது உதவியாக இருக்கிறது. இங்கே ஒரே அறைதான். மூன்று பாய் விரிக்கலாம், நாலாவதுக்கு இடம் இல்லை."

படித்து முடித்துவிட்டுத் தலையைத் தூக்கினேன். அவர் பின்னால் காலி வீடு, சுண்ணாம்பு வாசனையோடு, பேசினால் எதிரொலிக்கிற மாதிரி கிடந்தது.

அதற்குப் பிறகு நான்கு வருஷம் இருந்தார். இரண்டு காலி வீட்டுக்கும் முதல் தேதி வாடகை கொடுத்தார். வேறு யாருக்கும் விடாதீர்கள் என்றார், நானும் விடவில்லை. ஏலத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார். ஆனால் காலையில் எட்டே முக்காலுக்கு வெள்ளைக் கோட்டோடு இறங்கிப் பார்சல் ஆபீஸ் ஜன்னலுக்குப் போவார். மாரிக்குப்பத்தில் இருந்து தன் பேருக்கு ஏதாவது வந்திருக்கிறதா என்று கேட்பார். ரசீது இல்லாமல் கேட்டால் அங்கே யாரும் பதில் சொல்லமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியாததா? ஒருநாள் பொறுக்க முடியாமல், "தெனமும் எதுக்குங்க கார்டய்யா இந்த வெய்யில்ல?" என்று கேட்டேன்.

"ஏலத்துக்குப் போயிராம பாத்துக்கோணுமில்லீங்க அம்மணி" என்றார்.

உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.